ஒரு தேசத்துக்கு அடங்காத வானம்

ஆஸ்திரேலியாக் கண்டத்தின் வடமேற்குக் கரையில், இந்துமகா சமுத்திரத்துக்குள் ஒரு விரலை நீட்டினாற்போல் கிடக்கும் குறுகிய தீபகற்பத்தின் மேல், எக்ஸ்மத் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1960-களில் அங்கே அமைந்த கடற்படை வானொலி நிலையத்தை முன்னிட்டுப் பிறந்த ஊர் அது. ஜனங்கள் சொற்பம், மழை சொற்பம், இரவில் விளக்கொளியும் சொற்பம்; ஆகவே வானத்தின் இருள் அங்கே கலப்பற்ற இருளாக இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ பிரதேசத்தில், 1945-ஆம் ஆண்டு உலகின் முதல் அணுகுண்டு வெடித்துப் பார்க்கப்பட்ட அதே பாலைநிலத்தின் ஒரு மலையுச்சியில் 2011-இல் முதன்முதலாகக் கண் விழித்த ஒரு பெருந் தொலைநோக்கி, பின்னர் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, கடல் கடந்து வந்து, இந்த எக்ஸ்மத் ஊரின் அருகே புதிதாக எழுப்பிய கூடத்தில் மறுபடியும் பொருத்தப்பட்டு, 2020-ஆம் ஆண்டில் தென்கோளத்து வானத்தை நோக்கி இரண்டாம் முறை கண் திறந்தது. அதன் ஆடியின் விட்டம் 3.5 மீட்டர்.

நட்சத்திரங்களின் பிறப்பையோ அண்டங்களின் விரிவையோ ஆராய்வதற்காக அதை இவ்வளவு தூரம் கொண்டுவரவில்லை. மனிதன் அனுப்பிய பொருள்களை, அதாவது உயிருள்ள செயற்கைக் கோள்களையும், உயிரடங்கிய கோள்களையும், அவற்றின் உடைசல்களையும் கண்காணிப்பதே அதன் வேலை. செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் எவருக்கும் இளைக்காத ஒரு ராஜ்யம், தன்னிடமிருந்த மிகச் சிறந்த கண்களில் ஒன்றைத் தன் மண்ணிலிருந்து பிடுங்கி அயலார் மண்ணில் நட்டது எதனால் என்று கேட்டால், ராஜதந்திரம் என்றோ இராணுவ உடன்படிக்கை என்றோ விடை சொல்லத் தோன்றும். அவை பின்னால் வந்தவை. முதற் காரணம், பள்ளிக்கூடத்துப் பூகோள பாடத்தில் நாம் முதல் நாளே கற்றுக்கொண்ட ஒன்று: பூமி உருண்டையானது.

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு கோளை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பறக்கும் அது, பூமியை ஒருமுறை வலம்வர ஏறக்குறைய 92 நிமிஷம் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவேளையில் பூமியும் சும்மா இருப்பதில்லை. தன் அச்சில் 23 பாகை கிழக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே அடுத்த சுற்றில் அந்தக் கோள் நம் தலைக்கு மேல் வராமல், மேற்கே வெகுதூரம் விலகி வேறொரு தேசத்தின் மேல் போகிறது. நேர் உச்சியில் கடந்து செல்லும்போதுகூட, ஒரே இடத்தில் நிற்பவன் அதை அடிவானத்திலிருந்து அடிவானம் வரை சுமார் பத்து நிமிஷந்தான் காண இயலும். மற்ற நேரமெல்லாம் அது பூமியின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. மறைந்திருக்கும் வேளையில் அது தன் சிறு இயந்திரத்தை இயக்கிப் பாதையை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொள்ளாவிட்டாலும், அந்த உயரத்திலும் மெல்லியதாய்ப் பரவியுள்ள காற்று அதை உராய்ந்து சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. சூரியனில் கொந்தளிப்பு மிகும் நாட்களில் அக்காற்று மேல்நோக்கி விரிந்து உராய்வை அதிகப்படுத்துகிறது. ஆகவே நேற்றுப் பார்த்துக் கணித்த பாதை இன்றைக்குச் சற்றே பழையதாகிவிடுகிறது, நாளைக்கு நம்பத்தகாததாகிவிடுகிறது. பூமியெங்கும் பரவிய பல இடங்களிலிருந்து, அலுக்காமல் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

உயரே போனால் நிலைமை வேறு விதமாகிறது. பூமத்தியரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே கதியில் சுற்றி, ஓரிடத்தில் நின்றாற்போல் தோற்றமளிக்கும் கோள்களை நாம் அறிவோம். தொலைக்காட்சியும் வானிலைப் படங்களும் இராணுவச் செய்திகளும் அவற்றின் வழியாக வருகின்றன. நிற்கின்ற பொருளைக் கண்காணிப்பது சுலபமென்று தோன்றும். ஆனால் இந்துமகா சமுத்திரத்தின் மேல் நிலைபெற்ற ஒரு கோள், நியூ மெக்ஸிகோவில் உள்ளவனுக்கு எத்தனை யுகம் காத்திருந்தாலும் உதிக்கப்போவதில்லை. அதைப் பார்க்க விரும்புகிறவன் ஆஸ்திரேலியாவுக்கோ, இந்துமகா சமுத்திரத் தீவுகளுக்கோ, ஆசியாவுக்கோ வந்துதான் தீரவேண்டும். பிரிட்டனின் ஆளுகையிலிருந்த டீகோ கார்ஸியாத் தீவில் அமெரிக்கர்கள் தொலைநோக்கிகளை நிறுவியதற்கும், எக்ஸ்மத்துக்குப் பெருந் தொலைநோக்கி வந்ததற்கும் இதுவே காரணம்.

தொலைநோக்கிக்கு இருட்டு வேண்டும், மேகமற்ற வானம் வேண்டும். ரேடாருக்கு இவ்விரண்டும் வேண்டியதில்லை. எனினும் ரேடாரை வேறொரு கடுமையான விதி கட்டிப்போடுகிறது. ரேடார் அனுப்பும் அலை போகும்போது தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தேய்கிறது. பொருளில் பட்டு எதிரொலியாய்த் திரும்பும்போது மறுபடியும் அதே கணக்கில் தேய்கிறது. ஆகவே தூரம் இரட்டித்தால் எதிரொலியின் பலம் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிறது. 1,000 கிலோமீட்டரில் தெளிவாகக் கேட்ட எதிரொலி, 36,000 கிலோமீட்டருக்குப் போனால் ஏறக்குறைய 17 லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இவ்வளவு நலிந்த குரலையும் கேட்கும்படியாக, பல பெரிய கிண்ண வடிவ ஆன்டெனாக்களை ஒன்றுசேர்த்து ஒரே காதுபோல் இயங்கச் செய்யும் ஆழ்வெளி ரேடார்களை அமைப்பதென்று ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று தேசங்களும் 2023 டிசம்பரில் உடன்பட்டன. முதல் நிலையம் அதே எக்ஸ்மத்தில்; இரண்டாவதற்கு வேல்ஸ் நாட்டின் பெம்புரோக்ஷயர் பகுதி தெரிந்தெடுக்கப்பட்டது; மூன்றாவது அமெரிக்காவில். பூமியைச் சுற்றிலும் மூன்றாகப் பகிர்ந்து வைத்தால், அந்த உயரத்து வளையத்தின் எந்தப் புள்ளியும் இரவிலும் பகலிலும் யாரேனும் ஒருவர் பார்வையில் இருந்துகொண்டே இருக்கும் என்பது அதன் யுக்தி. பெம்புரோக்ஷயர் வாசிகளில் ஒரு சாரார், தங்கள் கடற்கரையின் எழிலையும் அமைதியையும் இது கெடுக்குமென்று எதிர்த்து வருகிறார்கள். அவர்களுடைய குறை அலட்சியப்படுத்தத் தக்கதன்று. வானத்தின் காவலுக்கு விலை கொடுப்பவர்கள் எப்போதும் ஏதோ ஓர் ஊரின் ஜனங்களே.

இந்தக் கூட்டுப் பார்வை புதிதாய் முளைத்ததன்று. 1957 அக்டோபரில் சோவியத் ரஷ்யாவின் முதல் ஸ்புட்னிக் வானேறியபோது, அதைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் உடலை ரேடார் முறையில் பின்தொடர்ந்தது, இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்கில் பெர்னார்டு லவெல் அப்போதுதான் கட்டி முடித்திருந்த 76 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கி. அதே காலத்தில் ஃப்ரெட் விப்பிள் என்ற வானியல் அறிஞரின் தலைமையில், அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் வானாராய்ச்சி நிலையம், பேக்கர்-நன் என்ற பெயருடைய விசேஷக் காமிராக்கள் பன்னிரண்டைச் செய்வித்து, பூமியைச் சுற்றிலும் பன்னிரண்டு இடங்களில் வைத்தது. அமெரிக்காவுக்குள் சிலவே, மற்றவை தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஸ்பெயின், ஜப்பான், பெரு, ஈரான், அர்ஜென்டினா, குராஸோ என்று சிதறிக் கிடந்தன. அவற்றுள் ஒன்று நம்முடைய இமயமலைச் சாரலில், நைனிடாலில் இருந்தது. குளிர்ந்த இரவுகளில் ஃபிலிம் சுருளில் விழுந்த ஒரு மெல்லிய கோட்டை அளந்து, அது விழுந்த நேரத்தை விநாடியின் நுண்பகுதி வரை குறித்து, கடல் கடந்து அனுப்பிய நம் நாட்டவரின் உழைப்பும் சேர்ந்துதான், செயற்கைச் சந்திரன் என்று அன்று உலகம் வியந்து பேசிய பொருள்களின் பாதை துல்லியமாக நிர்ணயமாயிற்று. இன்றைய ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பன்னிரண்டு காமிராக்களே மூதாதைகள் என்பது என் எண்ணம்.

ரேடார்களின் கதை அவ்வளவு சாந்தமானதன்று. 1963-ஆம் ஆண்டு முதல் யார்க்ஷயரின் ஃபைலிங்டேல்ஸ் மேட்டுநிலத்தில் இயங்கிவரும் ரேடாரும், கிரீன்லாந்தின் வடமுனைப் பனியில் எழுந்த ரேடாரும், எதிரியின் ஏவுகணை வருகிறதா என்று பார்ப்பதற்காகப் பிறந்தவை. ஆனால் அடிவானத்துக்கு மேலே எழும் ஏவுகணையும், அதே அடிவானத்துக்கு மேலே எழும் செயற்கைக் கோளும் ரேடாரின் கண்ணுக்கு ஒரே ஜாதிப் பொருள்கள். யுத்த பயத்தால் கட்டிய சாதனம் இவ்விதமாகக் கோள்களின் கணக்கப்பிள்ளையாகவும் ஆயிற்று. நார்வேயின் வடகிழக்கு முனையிலுள்ள வார்டோத் தீவின் ரேடார்களும் இவ்வரிசையைச் சேர்ந்தவை.

இவ்வளவு கண்கள் இருந்தும், 2009 பிப்ரவரி 10-ஆம் தேதி நடந்ததை எவரும் தடுக்கவில்லை. சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், இயங்கிக்கொண்டிருந்த இரிடியம்-33 என்ற அமெரிக்கக் கம்பெனியின் தொலைபேசிக் கோளும், வெகு காலத்துக்கு முன்பே உயிரிழந்து திரிந்த காஸ்மாஸ்-2251 என்ற ரஷ்யக் கோளும் விநாடிக்குப் பத்துக் கிலோமீட்டரையும் மிஞ்சிய வேகத்தில் மோதி நொறுங்கின. அந்த வேகத்தின் உக்கிரத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். 80 கிராம் எடையுள்ள ஒரு மரையாணி விநாடிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் வந்து தாக்கினால், பத்து டன் பாரமுள்ள லாரி மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் சக்தி அதில் இருக்கும். சைபீரியாவுக்கு மேல் மோதியவையோ, ஒன்று அரை டன்னுக்கும் மேல், மற்றொன்று ஏறக்குறைய ஒரு டன். தொடர்ந்து கண்காணிக்கத்தக்க பெரிய துண்டுகள் மட்டுமே இரண்டாயிரத்துக்கும் அதிகமாயின. இரண்டின் பாதைகளும் பட்டியலில் இருந்தன. ஆயினும் இரண்டும் மோதக்கூடுமென்று அந்தக் கம்பெனிக்கு எச்சரிக்கை எதுவும் போய்ச்சேரவில்லை. கண் இருந்தது, கண்டதைச் சொல்லும் வழி சரியாக இல்லை. அதன் பின்னரே, மோதல் அபாயம் நெருங்கினால் கோளுக்கு உரியவர் நண்பரா மாற்றாரா என்று பாராமல் எச்சரிக்கை அனுப்பும் வழக்கத்தை அமெரிக்க ராணுவம் விரிவாக்கிற்று. இந்த எச்சரிக்கை சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போகிறது. விண்வெளி விவகாரங்களில் நான் மனமாரப் பாராட்டும் செய்கைகளில் இது முதலாவது.

2013 பிப்ரவரி 25-ஆம் தேதி மாலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம்முடைய பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஏழு கோள்களைச் சுமந்துகொண்டு எழும்பிற்று. அவற்றுள் ஸஃபயர் என்பது கனடா தேசத்து ராணுவத்தின் கோள். பூமியிலிருந்து மேலே பார்ப்பதற்குப் பதிலாக, மேலேயே இருந்துகொண்டு, 6,000 முதல் 40,000 கிலோமீட்டர் உயரம் வரையில் உலவும் பொருள்களைப் பார்ப்பது அதன் தொழில்; மேகமும் பகல் வெளிச்சமும் அதைத் தடுக்கமாட்டா. அது கண்டதெல்லாம் அமெரிக்காவின் கண்காணிப்பு வலைக்குப் போய்ச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் இரு தேசங்கள் பகிர்ந்துகொண்ட அந்தக் கண்ணை விண்ணில் கொண்டுபோய் வைத்தது, திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் சோதித்துத் தேறிய இயந்திரம் பொருந்திய ஒரு ராக்கெட் என்பதை நம் வாசகர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

மறு ஆண்டில், அதாவது 2014-இல், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கும் கூட்டு விண்வெளிச் செயற்பாடு என்னும் ஏற்பாட்டில் கையொப்பமிட்டன. அடுத்து நியூஜீலந்தும், பின்னர் ஜெர்மனியும் பிரான்ஸும், 2023-இல் இத்தாலி, ஜப்பான், நார்வே ஆகியவையும் சேர்ந்து பத்து தேசங்களாயின. கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்தில் 2018-இல் அமைந்த கூட்டு நிலையத்தில் நேச நாடுகளின் அதிகாரிகளும் அமெரிக்கர்களுடன் அமர்ந்து பணிபுரிகின்றனர். 2031-ஆம் ஆண்டு வரையிலான நோக்கங்களை விளக்கி 2022 பிப்ரவரியில், அன்று இக்கூட்டில் இருந்த தேசங்கள் வெளியிட்ட அறிக்கை, விண்வெளியை யாவரும் சுதந்திரமாகப் பயன்படுத்தும் உரிமையையும், சர்வதேசச் சட்டத்தை மதிப்பதையும், கூட்டில் சேர்ந்தாலும் ஒவ்வொரு தேசமும் தன் இறைமையை விட்டுக்கொடுக்காது என்பதையும் கூறுகிறது.

கடைசியாகச் சொன்னது வெறும் சம்பிரதாய வாசகமன்று. நண்பர்களுக்குள்ளேயே பார்வையைப் பகிர்வது எவ்வளவு கடினம் என்பதற்கு பிரான்ஸின் அனுபவம் நல்ல திருஷ்டாந்தம். அமெரிக்கா வெளியிடும் கோள்களின் பட்டியலில், அமெரிக்காவின் சொந்த இரகசியக் கோள்களின் பாதைகள் இடம்பெறுவதில்லை; ஆனால் பிரெஞ்சு ராணுவக் கோள்களின் பாதைகளோ அதில் எல்லாரும் படிக்கும்படி அச்சாகிவந்தன. பிரெஞ்சுக்காரர் 2005-இல் கிராவ் என்ற ரேடாரை இயக்கத்துக்குக் கொண்டுவந்தனர். டிஜோன் நகரத்துக்கு அருகிலிருந்து அலையை அனுப்பி, சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே, முன்பு தங்கள் அணு ஏவுகணைகள் நின்ற அல்பியோன் பீடபூமியில் எதிரொலியைப் பிடிக்கும் அமைப்பு அது. அதைக்கொண்டு தங்கள் வானத்தைக் கடக்கும் பொருள்களைக் கணக்கெடுத்தபோது, அமெரிக்கப் பட்டியலில் இல்லாத சில பத்துக் கோள்கள் அகப்பட்டன. 2007-இல் பிரெஞ்சு அதிகாரிகள் இதைப் பகிரங்கமாகவே சொல்லி, எங்கள் கோள்களை நீங்கள் வெளியிடாதிருந்தால் உங்கள் கோள்களை நாங்களும் வெளியிடமாட்டோம் என்று பேச்சு நடத்த முன்வந்தார்கள். சொந்தமாக ஒரு கண் இல்லாதவன் இந்தப் பேச்சைத் தொடங்கியிருக்கவே முடியாது. கொடுப்பதற்கு ஏதும் இல்லாமல் வாங்க மட்டுமே வருகிறவனுக்குக் கூட்டில் இடம் உண்டு, குரல் இராது. நம் தேசமும் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

விண்வெளியில் குண்டு வீச்சைக் காட்டிலும் ஒட்டுக் கேட்பதும் கண்ணைக் கட்டுவதுமே இன்று அதிகம். பிரான்ஸும் இத்தாலியும் கூட்டாக வைத்திருக்கும் அத்தேனா-ஃபிடுஸ் என்ற ராணுவத் தொடர்புக் கோளின் அருகே 2017-இல் ரஷ்யாவின் லூச்-ஒலிம்ப் கோள் வந்து, அளவுக்கு மீறி நெருங்கி நின்றது என்று மறு ஆண்டு பிரெஞ்சு பாதுகாப்பு மந்திரி ஃப்ளோரான்ஸ் பார்லி வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த அந்த விடியற்காலையில், வயாஸாட் கம்பெனியின் கோள்வழி இணையத் தொடர்பைக் கணினி வழியே யாரோ தாக்கினார்கள். கோளுக்கு ஒரு கீறலும் இல்லை. தரையிலிருந்த மோடம்களே செயலிழந்தன. உக்ரைனைக் குறிவைத்த அந்தத் தாக்குதலில், போரில் சம்பந்தமே இல்லாத ஜெர்மனியின் 5,800 காற்றாலைகள் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதியை இழந்தன. மே மாதத்தில் ஐரோப்பிய யூனியன், பிரிட்டன், அமெரிக்கா முதலியவை ஒரே நாளில் ஒரே குரலில் ரஷ்யாவைப் பொறுப்பாளி என்று அறிவித்தன. ஒருவன் தனித்துச் சொன்னால் வசை என்று தள்ளப்படுவது, பலர் தத்தம் ஆதாரங்களை ஒப்பிட்டுப் பார்த்துச் சேர்ந்து சொல்லும்போது சாட்சியம் என்ற அந்தஸ்தைப் பெறுகிறது.

கோள்களை உடைத்துக் காட்டிய தேசங்கள் நான்கு. அமெரிக்கா 1985-லும் 2008-லும், சீனா 2007-லும், இந்தியா 2019-லும், ரஷ்யா 2021 நவம்பர் 15-ஆம் தேதியும் தத்தம் கோள்களையே ஏவுகணையால் தகர்த்தன. உயரத்தைப் பொறுத்துத் தீங்கின் அளவு மாறுகிறது. சீனா சுமார் 860 கிலோமீட்டர் உயரத்தில் உடைத்ததன் மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளில் பல இன்றும் சுற்றுகின்றன. இந்தியா 300 கிலோமீட்டருக்கும் குறைந்த உயரத்தைத் தேர்ந்தது, அதனால் உடைசல்களில் பெரும்பகுதி விரைவில் விழுந்து எரிந்தது, எனினும் சில துண்டுகள் சர்வதேச விண்வெளி நிலையத்தின் பாதைக்கும் மேலே எறியப்பட்டன. ரஷ்யா உடைத்தபோது அந்த நிலையத்தில் எழுவர் இருந்தார்கள். துண்டுகள் கடந்துபோகும் வரையில் தங்கள் திரும்புகலங்களுக்குள் புகுந்து கதவடைத்துக் காத்திருந்தார்கள். அந்த எழுவரில் இருவர் ரஷ்யர்.

இதன் பிறகுதான், இனி இவ்வகை அழிப்புச் சோதனை செய்வதில்லை என்று 2022 ஏப்ரலில் அமெரிக்கா தன்னிச்சையாக வாக்களித்தது. கனடா, நியூஜீலந்து, ஜப்பான், ஜெர்மனி, பிரிட்டன், ஆஸ்திரேலியா, பிரான்ஸ் என்று நேச நாடுகள் ஒவ்வொன்றாக அதே வாக்கை அளித்தன. அவ்வாண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையில் இதை வலியுறுத்திய தீர்மானத்துக்கு 155 தேசங்கள் ஆதரவு தந்தன. ரஷ்யாவும் சீனாவும் உள்ளிட்ட 9 தேசங்கள் எதிர்த்தன. 9 தேசங்கள் வாக்களியாமல் ஒதுங்கி நின்றன. ஒதுங்கி நின்றவற்றுள் இந்தியாவும் ஒன்று.

தன்னிச்சையான வாக்குறுதிகளைக் காட்டிலும், எல்லாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே வேண்டும் என்பது நம் சர்க்காரின் நெடுநாளைய கொள்கை. கொள்கையளவில் அது சரியானது. ஆனால் அத்தகைய ஒப்பந்தம் எப்போது கைகூடும் என்று எவராலும் சொல்ல இயலாத நிலையில், அதுவரைக்கும் வாக்குக் கொடுப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நாம் சோதித்துப் பார்க்கவேண்டியதை 2019-லேயே சோதித்துவிட்டோம். விண்வெளிக் கண்காணிப்புச் செய்திகளைப் பகிர்ந்துகொள்ள 2022 ஏப்ரலில் அமெரிக்காவுடன் உடன்பாடும் செய்துகொண்டிருக்கிறோம். நைனிடாலில் அன்று காமிராவுக்கு இடங்கொடுத்த தேசம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அயலாரின் கண்ணை விண்ணேற்றிய தேசம், இனி எந்தக் கோளையும் உடைக்கமாட்டோம் என்ற அந்த ஒரு வாக்கையும் தாமதமின்றி அளிக்கவேண்டும். இதை வாசிக்கிறவர்கள் தங்கள் தொகுதியின் பாராளுமன்ற அங்கத்தினருக்கு இது குறித்து ஒரு கடிதம் எழுதும்படி வேண்டிக்கொள்கிறேன்.